அருளானந்தர் யாருக்கு அஞ்சினார்?

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு

தெய்வபயம் என்னும் சொல்லைக் கேளாத நாள் நம் வீடுகளில் இல்லை. பாலில் தண்ணீர் கலப்பவனுக்குத் தெய்வபயம் இல்லை என்பார்கள். பருத்தியை எடை குறைத்து நிறுக்கிறவனுக்குத் தெய்வபயம் இல்லை என்பார்கள். அம்மாவை எதிர்த்துப் பேசும் பெண்பிள்ளைக்கு அது கொஞ்சமும் இல்லை என்று பாட்டிமார் தீர்ப்பே சொல்லிவிடுவார்கள். உறுதிபூசுதலுக்கு ஆயத்தம் செய்தபோது நாம் எல்லோரும் பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களையும் மனப்பாடம் செய்தோம். ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி என்று ஆறையும் வேகமாகச் சொல்லி, மூச்சு முட்டும்போது ஏழாவதாகத் தெய்வபயம் என்று முடிப்போம். ஞானம் வரம் என்றால் புரிகிறது. திடம் வரம் என்றாலும் புரிகிறது. பயம் எப்படி ஐயா வரமாகும்? இருட்டுக்குப் பயம், பாம்புக்குப் பயம், தோட்டத்துப் பக்கம் இறங்கும் யானைக்குப் பயம், அரசுப் பொதுத் தேர்வுக்குப் பயம். இந்தப் பயங்களையெல்லாம் நீக்கியருளும் என்றல்லவா நாம் ஜெபமாலை சொல்கிறோம்!

ஞானோபதேச வகுப்பில் இதற்கு விடை உண்டு. பயம் இருவகை. அடிமை தன் எஜமானின் சாட்டைக்குப் பயப்படுவது ஒருவகை. பிள்ளை தன் தகப்பன் மனம் நோகுமே என்று பயப்படுவது மற்றொரு வகை. முதலாவது பயத்தில் நாம் நம்மையே நினைக்கிறோம். இரண்டாவதில் அவரை நினைக்கிறோம். ஆவியானவர் தரும் வரம் இந்த இரண்டாவது பயம். எதற்கு அஞ்ச வேண்டும் என்று தெரிந்திருப்பதை நம் வள்ளுவப் பெருந்தகையும் அறிவுடைமை என்ற அதிகாரத்திலேதான் வைத்தார். விடை சரிதான், ஆனால் விடையைப் படிப்பதை விட, அந்தப் பயத்தோடு வாழ்ந்த ஒருவரைப் பார்ப்பது எளிது. அப்படி ஒருவர் நம் மதுரை மண்ணிலே நடந்திருக்கிறார். அவர்தாம் மறவநாட்டு வேதசாட்சியான புனித அருளானந்தர்.

நம் ஊர் வழியாக ஓடும் மூல வைகை வருசநாட்டு மலையில் பிறந்து, வைகை அணையில் தங்கி, மதுரையைத் தொட்டு, கடைசியில் இராமநாதபுரத்துச் சீமையில் போய் முடிகிறது. அந்தச் சீமையில்தான் 1693இல் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். மதுரைக்குப் பேருந்தில் போகிறவர்கள் உசிலம்பட்டி தாண்டியதும் கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரி என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1970இல் சேசு சபைக் குருக்கள் தொடங்கிய அந்தக் கல்லூரி இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் 1647ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் அவர் பிறந்தார். இட்ட பெயர் ஜான் தெ பிரிட்டோ. தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ அரசருக்கு மிகவும் வேண்டியவர். பிரேசில் நாட்டில் பெரிய பதவி ஏற்றுப் போனவர், அங்கேயே இறந்துவிட்டார். பிள்ளைகளைத் தாய் பெயாத்ரிஸ் அம்மையார்தாம் வளர்த்தார். சிறுவன் ஜான் அரண்மனையிலே இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தான். பட்டாடையும் வாளும் குதிரையும் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பதினொரு வயதில் கடும் நோய் கண்டது. பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் சேசு சபையாரின் அங்கியை உடுத்துவிப்பேன் என்று தாய் புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அரண்மனையில் மற்றச் சிறுவர்கள் சரிகை உடுத்தித் திரிய, இவன் கருப்பு அங்கியோடு ஒரு வருடம் திரிந்தான். நம் ஊரில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குக் காவி உடுத்துகிறோமே, அதே வழக்கம்தான்.

வருடம் முடிந்ததும் தாய் அங்கியைக் கழற்றினார். ஆனால் பிள்ளையின் மனம் அதைக் கழற்றவில்லை. 1662 டிசம்பரில், பதினைந்தாம் வயதில், அதாவது என் வயதில், அவர் சேசு சபையில் சேர்ந்தார். படித்தார், 1673இல் குருப்பட்டம் பெற்றார். உடனே இந்தியாவுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். அப்போது தடுத்தது யார் தெரியுமா? சவேரியாருக்கு நேர்ந்துகொண்ட அதே தாய். தம் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தி, பாப்பரசரின் தூதர் வரைக்கும் போய், மகனை நிறுத்தப் பார்த்தார். நேர்த்திக்கடன் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் திருப்பிக் கேட்பது எல்லாத் தாய்மார்களுக்கும் உள்ளதுதான் போலும். மகன் அசையவில்லை. அதே ஆண்டில் கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு, 1674இல், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து மதுரை மறைத்தளத்துக்கு வந்தார். இந்த மறைத்தளத்தை 1606இல் தொடங்கியவர் தத்துவ போதகர் என்று நம் பெரியோர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி. அவர் காட்டிய வழியில் இவரும் தமிழ் கற்றார். தமிழ்நாட்டுத் துறவியாகவே மாறினார். காவி உடுத்தார். புலாலைத் தொடவில்லை. சோறும் காய்கறியும், அதுவும் ஒருவேளை. தரையிலே படுக்கை. பண்டார சுவாமி என்ற வகைத் துறவியாக அவர் வாழ்ந்ததால் எல்லாச் சாதியாரும் அவரை அணுக முடிந்தது. ஜான் என்ற பெயருக்குக் கடவுளின் அருள் என்பது பொருள். ஆகவே தமிழில் அருளானந்தர் ஆனார். நாயக்கர் ஆட்சி தளர்ந்து, பாளையக்காரரும் மராத்தியரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த காலம் அது. படையும் பஞ்சமும் மாறி மாறி வந்தன. ஊர் ஊராக நடந்தே போய் அவர் உபதேசித்தார்.

1686இல் முதல் சோதனை வந்தது. மறவநாட்டுக்குள் குருக்கள் போகாமல் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது மறைத்தளத்துக்கே தலைவராக இருந்த அருளானந்தர் வேறொருவரை அனுப்பாமல் தாமே போனார். சில வாரங்களுக்குள் அவரையும் உபதேசியார் சிலரையும் சேதுபதியின் அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். சங்கிலி பூட்டினார்கள். சிவனுடைய நாமத்தைச் சொன்னால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். சொல்லவில்லை. குளத்து நீரில் அமுக்கினார்கள், மரத்தில் கட்டி அடித்தார்கள், கொதிக்கும் வெயிலில் கரடுமுரடான பாறையிலே கிடத்தி மிதித்தார்கள். (நம் ஊர்ப் பாறைகளைச் சித்திரை மாத நண்பகலில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) கழுவேற்றும்படி தீர்ப்பும் ஆயிற்று. ஆனால் அவர்களை இராமநாதபுரத்துக்குக் கொண்டுவரச் சொல்லிச் சேதுபதியிடமிருந்து ஆள் வந்தது.

அப்போது ஆண்டவர் கிழவன் சேதுபதி. இராமநாதபுரத்தைத் தலைநகராக்கிக் கோட்டை கட்டிய வலிமை மிக்க மன்னர். அவர் அருளானந்தரை நேரில் அழைத்து, என்ன போதிக்கிறீர் என்று விசாரித்தார். அருளானந்தர் பத்துக் கற்பனைகளையும் விளக்கிச் சொன்னார். மன்னர் அதில் குற்றம் காணவில்லை. உம் கடவுளை நீர் வணங்கிக்கொள்ளும், ஆனால் என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டு விடுதலை செய்தார். மன்னரைக் கொடியவராகவே காட்டும் நாடகங்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகின்றன. அது நியாயமன்று என்று நினைக்கிறேன்.

இதற்குப் பின் நடந்தது வாளும் கழுமரமும் இல்லாத ஒரு சோதனை. அதனால்தானோ என்னவோ, புத்தகங்கள் அதை நாலு வரியில் கடந்துவிடுகின்றன. மறைத்தளத்தின் காரியங்களை எடுத்துரைக்க அருளானந்தர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 1688இல் லிஸ்பன் வந்து சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விட்டுப் போன நகரம். அம்மா உயிரோடு இருக்கிறார். பால்ய நண்பன் இளவரசன் பேதுரு இப்போது அரசர். எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள். இங்கேயே இரும், இளவரசருக்கு ஆசிரியராக இரும் என்று அரசரே கேட்டுக்கொண்டார். உடலோ சித்திரவதையில் நொந்த உடல். இனி அங்கேயே இருந்துவிட்டால் குறை சொல்ல எவருமில்லை. சொல்லப்போனால், அரசரின் பக்கத்தில் இருந்துகொண்டு மதுரைக்கு ஆளும் பொருளும் அனுப்புவதே பெரிய சேவை என்று வாதாடவும் இடமிருந்தது.

அவர் என்ன செய்தார்? அந்த அரண்மனை நகரத்திலும் தரையிலே படுத்தார். இறைச்சியும் மீனும் தொடாமல் காய்கறியே உண்டார். தமிழ்நாட்டுத் துறவியின் நியமத்தைத் தமிழ்நாட்டார் ஒருவரும் பார்க்காத இடத்தில் கடைப்பிடித்தார். இதை நான் இரண்டு மூன்று தடவை யோசித்தேன். மதுரையிலே அவர் புலால் உண்ணாதது மக்கள் பார்வைக்காக என்று சொல்லலாம். லிஸ்பனில் யார் பார்வைக்காக? ஆசிரியை வகுப்பில் இருக்கும்போது அமைதியாக இருப்பது பயம்தான். அது சாட்டைப் பயம். ஆசிரியை இல்லாத வகுப்பில் என்ன செய்கிறோம் என்பதில்தான் மற்றப் பயம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். (நம் வகுப்பைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவது நல்லது.) 1690இல் அருளானந்தர் மறுபடியும் கப்பலேறினார். அந்த ஆண்டின் கடைசியில் கோவா, அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து, போகாதே என்று மன்னர் கட்டளையிட்ட அதே மறவநாடு.

இனி 1693ஆம் ஆண்டுக்கு வருவோம்.

மறவநாட்டில் தடியத்தேவன் என்று ஒரு சிற்றரசர் இருந்தார். சேதுபதியின் அரியணைக்கு உரிமை கொண்டாடத்தக்க குடும்பம். அவருக்குத் தீராத நோய் கண்டது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். அருளானந்தருக்குச் சொல்லியனுப்பினார். அவர் ஓர் உபதேசியாரை அனுப்பினார். உபதேசியார் நோயாளியின் அருகில் நின்று ஜெபித்து, நற்செய்தியை வாசித்தார். தடியத்தேவன் எழுந்துவிட்டார். எழுந்தவர் ஞானஸ்நானம் கேட்டார்.

இங்கேதான் கதையின் முடிச்சு. தடியத்தேவனுக்கு மனைவியர் பலர். அக்காலத்துச் சிற்றரசர்களுக்கு அது வழக்கம். ஒவ்வொரு திருமணமும் ஓர் உறவு, ஓர் உடன்படிக்கை. கிறிஸ்தவனுக்கோ ஒரே மனைவி. அந்த மனைவியருள் இளையவள் சேதுபதியின் மருமகள் முறையானவள். அருளானந்தர் இதையெல்லாம் அறியாதவர் அல்லர். மன்னர் குடும்பத்துப் பெண்ணை விலக்கச் சொன்னால் அது மன்னர் காதுக்குப் போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனைவியரைப் பற்றி வாயைத் திறக்காமல் தடியத்தேவன் தலையில் நீரை ஊற்றியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஒரு சிற்றரசரின் பாதுகாப்பு. நாளைக்கு ஒருவேளை இராமநாதபுரத்து அரியணையிலேயே ஒரு கிறிஸ்தவ மன்னர். காட்டில் குடிசை போட்டு மறைந்து மறைந்து பூசை செய்ய வேண்டியதில்லை. எத்தனை கிறிஸ்தவர்களின் அடியும் உதையும் மிச்சமாகும்! வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும்? வாள்வெட்டு. சாமர்த்தியசாலி எவனும் இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பான். அருளானந்தருக்கும் துணிவு மட்டும் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். துணிவுள்ளவன் ஆபத்துக்கு அஞ்சமாட்டான், ஆனால் பொய்க்கு அஞ்ச வேண்டும் என்பதில்லையே. இவர் பொய்க்கு அஞ்சினார். கடவுள் தம் கையில் ஒப்படைத்த ஒன்றை விலை குறைத்துக் கொடுத்துவிடுவோமோ என்று அஞ்சினார். ஒரு மனைவியோடு வாழ உறுதி சொன்னால்தான் ஞானஸ்நானம் என்றார். தடியத்தேவன் ஒப்புக்கொண்டார். ஒருத்தியை மனைவியாக வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சகோதரிகளைப் போல எந்தக் குறையுமின்றிப் பராமரிப்பதாகச் சொன்னார். 1693 ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் நடந்தது.

இளையவள் சினத்தோடு சேதுபதியிடம் போனாள்.

இந்த இடத்தைப் பற்றி நான் சற்று அதிகமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அருளானந்தர் நாடகம் நடக்கும் இடங்களில் இந்த இளைய மனைவி வேடத்துக்கு உரத்துச் சிரிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் தேடுவார்கள். கண்ணுக்கு மை தடித்து, புருவத்தை வளைத்து, ஏரோதியாளின் தங்கை போல அவளை மேடையேற்றுவார்கள். உண்மையில் அவள் செய்த குற்றம் என்ன? அவளாகக் கேட்டு அந்தத் திருமணம் நடந்திருக்காது. அரச குடும்பத்துப் பெண்களை இருவீட்டார் சேர்ந்து கொடுத்து வாங்கிய காலம் அது. ஒருநாள் கணவன் நோயிலிருந்து எழுந்து, இனி நீ என் மனைவி அல்ல, சகோதரி என்கிறான். சோறும் துணியும் குறையாது என்கிறான். சோறும் துணியும்தானா ஒரு பெண்ணுக்கு வேண்டியது? நம் பக்கத்தில் கணவனால் விலக்கப்பட்ட பெண்களை நாம் அறிவோம். திருவிழாவுக்கும் சடங்குக்கும் அவர்கள் ஓரமாக நிற்பதை அறிவோம். அந்த அவமானத்தோடு அவள் தன் பிறந்த குலத்துப் பெரியவரிடம் போய் முறையிட்டாள். போக அவளுக்கு வேறு வாசல் இல்லை.

அப்படியானால் அருளானந்தர் செய்தது தவறா என்று ஒரு சகோதரி கேட்கலாம். தவறில்லை என்றே நினைக்கிறேன். ஒருவனுக்கு ஒருத்தி என்ற சட்டம் இல்லாதிருந்தால் அவளுக்குப் பின் இன்னொருத்தியும், அவளுக்குப் பின் இன்னொருத்தியும் அந்த வீட்டுக்கு வந்திருப்பார்கள். அவளும் ஒருநாள் மூத்தவளாகி மூலையில் உட்கார்ந்திருப்பாள். பெண்ணை ஒருத்தியாக மதிக்கும் சட்டம் அது. ஆனால் ஒரு நல்ல சட்டம் முதல்முதலாக ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். இரண்டும் உண்மை. அருளானந்தர் தம் பங்குக்குத் தம் உயிரைக் கொடுத்தார்; தடியத்தேவன் தம் அரசியல் வாழ்வைப் பணயம் வைத்தார். இளைய மனைவி என்ன கொடுத்தாள் என்பதை மட்டும் நம் நாடகங்கள் எண்ணுவதில்லை. அடுத்த முறை நடிப்பவர்கள் மையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நன்றாயிருக்கும்.

ஞானஸ்நானம் முடிந்து இரண்டே நாளில், ஜனவரி 8ஆம் நாள், அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரத்துக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். தடியத்தேவன் அரசவைக்கு வந்து அவருக்காகப் பரிந்து பேசினார். அது சேதுபதியின் கலக்கத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. அரியணைக்கு உரிமை கொண்டாடத்தக்க ஒருவன், நாடெங்கும் பெருகிவரும் ஒரு புதிய கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான் என்றால் எந்த மன்னருக்குத்தான் தூக்கம் வரும்? அதே மன்னர்தாம் ஏழு ஆண்டுகளுக்கு முன் அருளானந்தரை நீதியோடு விசாரித்து விடுவித்தவர். மாறியது அருளானந்தரின் போதனை அல்ல. மன்னரின் மனத்தில் ஓர் அச்சம் புகுந்துவிட்டது. அது அவருடைய நீதியைத் தின்றுவிட்டது. தலைநகரிலேயே கொன்றால் கலகம் வரும் என்றும் அஞ்சினார். ஆகவே நாடுகடத்துவதாக வெளியே சொல்லி, ஓரியூரை ஆண்ட தம் தம்பியிடம் அனுப்பினார். கொன்றுவிடும்படி இரகசியமாக ஓலை போயிற்று.

பரிசுத்த வேதாகமத்தில் ஏரோது மன்னனும் ஸ்நாபக அருளப்பருக்கு உள்ளுக்குள் பயந்தவன்தான். அவர் நீதிமான் என்று அறிந்திருந்தான். அவர் பேச்சை விரும்பிக் கேட்டான். ஆயினும் விருந்தாளிகளின் முகத்துக்கு அதைவிடக் கூடுதலாகப் பயந்தான். தலையை வெட்டிக் கொடுத்தான். அரண்மனைகளில் எப்போதும் பயத்துக்குப் பஞ்சமில்லை. எந்தப் பயம் ஜெயிக்கிறது என்பதுதான் அங்கே வழக்கு. இரண்டு கதையிலும் ஒரு மன்னன், ஒரு திருமணம், சிறையில் ஒரு துறவி என்று இருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அருளானந்தரின் ஞானஸ்நானப் பெயரும் அருளப்பர் என்பதுதான். ஜான் என்பதற்கு நம் முன்னோர் வைத்த தமிழ்ப் பெயர் அது.

ஓரியூர் பாம்பாற்றங்கரையில் இருக்கிறது. இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானை வட்டம். ஜனவரி கடைசியில் அங்கே கொண்டுவந்து சிறை வைத்தார்கள். மரணத்துக்கு முந்தின நாள், பிப்ரவரி 3ஆம் நாள், தம் சகோதரக் குருக்களுக்கு அவர் கடிதம் எழுதினார். மை இல்லை; கரியைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்துக்கொண்டார். பேனா இல்லை, ஒரு துரும்பு. அந்தக் கடிதத்தில் அழுகை இல்லை, மன்னரைச் சபிக்கவும் இல்லை. நன்னெறியைப் போதித்ததே தம் மேல் சாட்டப்பட்ட குற்றம் என்பதில் மகிழ்ச்சியே தெரிவித்திருந்தார்.

பிப்ரவரி 4, புதன்கிழமை. அந்த ஆண்டு அது சாம்பற் புதன். மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய் என்று குருவானவர் நெற்றியில் சாம்பல் பூசி நினைவூட்டும் நாளில் அவரை ஆற்றங்கரை மேட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். வழியிலே அவர் முகம் வாடவில்லை. கூட்டம் வேடிக்கை பார்த்தது. சிறிது நேரம் முழந்தாளில் நின்று ஜெபித்தார். வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டார். அவர் கழுத்தில் புனிதப் பொருள் ஒன்று கயிற்றில் தொங்கியது. அது ஏதோ மந்திரத் தாயத்து, தொட்டால் ஆபத்து என்று வெட்ட வந்தவன் நடுங்கினான் என்றும், கையால் கழற்ற அஞ்சி வாளாலேயே கயிற்றை அறுத்தபோது சுவாமியின் தோளிலே வெட்டு விழுந்தது என்றும் சொல்வார்கள். பாருங்கள், அந்த மேட்டில் வாள் வைத்திருந்தவன் பயந்தான். கழுத்தை நீட்டியவர் பயப்படவில்லை. பிறகு தலை விழுந்தது. கைகளும் கால்களும் வெட்டப்பட்டன. உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். அடுத்த மாதம் வந்திருந்தால் அவருக்கு நாற்பத்தாறு வயது நிரம்பியிருக்கும்.

1853இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947 ஜூன் 22ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராக உயர்த்தினார்; நம் நாடு சுதந்திரம் அடைய இரண்டு மாதங்கள்கூட இல்லை. ஓரியூர் இன்று சிவகங்கை மறைமாவட்டத்தில் பெரிய திருத்தலம். அங்கே மண் செக்கச் சிவந்திருக்கிறது. வேதசாட்சியின் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று மக்கள் நம்பி, ஒரு பிடி எடுத்து மடியில் முடிந்து வருகிறார்கள். செம்மண்ணின் நிறத்துக்கு அதிலுள்ள இரும்புதான் காரணம் என்று நம் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. இருக்கட்டும். இரத்தம் சிவந்திருப்பதற்கும் இரும்புதான் காரணம் என்று அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. மண்ணை நெற்றியில் வைத்துக்கொள்ளும் கிழவியிடம் நாம் போய் வேதியியல் பேச வேண்டாம். எல்லாச் சமயத்தாரும் அங்கே வருகிறார்கள்; மறவர் குலத்து மக்கள், அவரைக் கொன்ற நாட்டின் மக்கள், தங்கள் பிள்ளைகளுக்கு அருளானந்து என்று பெயரிடுகிறார்கள்.

சாவுச் செய்தி லிஸ்பனுக்குப் போய்ச் சேரக் கடல்வழியில் பல மாதங்கள் பிடித்தன. பெயாத்ரிஸ் அம்மையார் அப்போதும் உயிரோடு இருந்தார். மகனை இழந்த விதவைத் தாய் கருப்பு உடுத்த வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். அரசரும் அரண்மனையாரும் அவரை அழைத்தார்கள். அந்தத் தாய் திருநாளுக்கு உடுத்தும் ஆடையை உடுத்திக்கொண்டு அரண்மனைக்குப் போனார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன், மகன் கப்பலேறக் கூடாது என்று பாப்பரசரின் தூதர் வாசலில் போய் நின்ற அதே தாய்.